நம்ம ஆளுதான் சார்

மாரிகுப்பத்தில் காலை பெங்களூர் ரயில் ஏறுகிற யாரைக் கேட்டாலும் பர்னபாஸைத் தெரியும் என்பார்கள். பெங்களூரில் ஒரு குடோனில் பில் போடும் வேலை. எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட் பரிசோதகரிடம் யாராவது பாஸ் இல்லாமல் மாட்டினால், பக்கத்தில் இருப்பவன் "நம்ம ஆளுதான் சார்" என்று சொல்லியே ஆகவேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தவனுக்கு மறுநாள் உட்கார இடம் கிடைக்காது. பர்னபாஸ் இதில் கில்லாடி. முன்பின் தெரியாதவனைக்கூட நொடியில் சித்தப்பா மகனாக்கிவிடுவான். நாங்களும் சிரித்து ரசித்தோம். எங்களைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

பக்கத்து ஊரான பாலகாட்டைச் சேர்ந்த ஷெர்வின் அவனுக்கு அந்த ரயிலில் அறிமுகமானவன்தான். ஏசி மெக்கானிக், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருவருக்குமே வேலை போன நேரம். பெங்களூரில் ஒரு ஏஜெண்ட் இருவரையும் பிடித்தான். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, சாப்பாடும் ரூமும் இலவசம் என்றான். விசாவே வேண்டாம், டூர் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றான். விசா வேண்டாம் என்றால் ஊர் சுற்றுகிறவனுக்குச் சந்தோஷம். ஆள் பிடிக்கிறவனுக்கு அதைவிடச் சந்தோஷம்.

விமான நிலையத்தில் குடியேற்ற கவுண்டரில் ஷெர்வினை நிறுத்திவிட்டார்கள். எந்த ஹோட்டலில் தங்கப்போகிறாய் என்ற கேள்விக்கே அவன் தப்பும் தவறுமாக உளறினான். அதிகாரி கோபப்படவில்லை. கன்னடத்தில் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார். விசா கேட்கிற நாடாக இருந்தால் யாராவது ஒருவர் முன்கூட்டியே விசாரித்திருப்பார், இதில் கடைசியாகக் கேட்கிற ஆள் நான்தான், உன்னைப்போலப் போனவர்களை எல்லை தாண்டி இழுத்துக்கொண்டு போய் நம் நாட்டுக்காரர்களையே ஏமாற்ற வைக்கிறார்கள், வீட்டுக்குப் போ என்றார். ஷெர்வின் பையைக்கூட எடுத்துவிட்டான். அப்போதுதான் முத்திரை வாங்கிக்கொண்டு முன்னால் போயிருந்த பர்னபாஸ் திரும்பி வந்தான். பழக்கதோஷம். இவன் என் தங்கை புருஷன், நான் கூடவே இருப்பேன், என் பொறுப்பு என்று கன்னடத்தில் அழகாகப் பேசினான். ஹோட்டல் பெயரையும் ஒப்பித்தான். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பாங்காக்கில் ஒரு கேள்வியும் இல்லை. வெளியே வந்ததும் காரில் ஏற்றினார்கள். பல மணி நேரம் ஓட்டி, ஓர் ஆற்றங்கரையில் இறக்கி, துப்பாக்கிக்காரர்களோடு படகில் தள்ளினார்கள். அக்கரை பர்மா. பாஸ்போர்ட்டைப் பிடுங்க வந்தவனிடம் பர்னபாஸ் ஏன் என்று கேட்டான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் குத்தினார்கள். முன்பல் இரண்டும் படகிலேயே விழுந்தன.

பெரிய மதில், மேலே முள்கம்பி, உள்ளே அடுக்குமாடிக் கட்டடம். பெண் பெயரில் இந்தியாவிலுள்ள ஆண்களிடம் பேசி, மயக்கி, காசைக் கறப்பதுதான் வேலை. கணக்கு குறைந்தால் கரண்ட் குச்சியால் ஷாக். உறவுக்காரர்களாக வந்தவர்களுக்கு அங்கே தனிச் சட்டம். ஒருவன் தப்பு செய்தால் இன்னொருவனுக்கும் அடி. கவுண்டரில் சொன்ன பொய்யை பர்னபாஸ் ஏஜெண்டிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தான், அவனும் இவர்களை மச்சான்கள் என்றே எழுதிக் கொடுத்திருந்தான். ஷெர்வினின் கணக்கு எப்போதும் குறைந்தது. பர்னபாஸும் சேர்ந்து அடி வாங்கினான். வலது கையில் மூன்று விரல்களைச் சுத்தியலால் நசுக்கினார்கள். இன்றும் அவனால் சோற்றைப் பிசைய முடியாது.

ஒருநாள் ஷெர்வின், தன்னிடம் பேசிக்கொண்டிருந்த ஹாசன் ஊர்க்காரர் ஒருவருக்கு "பணம் போடாதீங்க, இது ஏமாத்து" என்று அனுப்பிவிட்டான். அது அகப்பட்டது. நடுப்பகலில் எல்லோரையும் முற்றத்துக்கு இறக்கி, நடுவில் அவனை மண்டிபோட வைத்தார்கள். மேற்பார்வைக்காரன் பர்னபாஸின் இடது கையில் இரும்புக் குழாயைக் கொடுத்தான். நீ அடி, இல்லையென்றால் இரண்டு பேரும் சாகவேண்டும் என்றான்.

பர்னபாஸ் குழாயைக் கீழே போட்டான். அதுவரைக்கும் மனுஷன்தான். பிறகு உயிருக்குப் பயந்தான். "இவன் எனுக்கு யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டான். விமான நிலையத்தில் சொல்லவேண்டிய உண்மையை அங்கே போய்ச் சொன்னான். மேற்பார்வைக்காரன் சிரித்தான். உறவில்லாதவனை வைத்து யாரை மிரட்டுவது? நான்கு பேர் குழாயை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். முதல் அடியில் தோள் இறங்கியது. மண்டை பிளந்த பிறகும் நிறுத்தவில்லை. ரத்தத்தைக் கழுவ மற்றவர்களிடம் பக்கெட் கொடுத்தார்கள். பர்னபாஸும் கழுவினான்.

சில மாதம் கழித்து அந்த இடத்தை பர்மா ராணுவம் சுற்றி வளைத்தது. அரசு விமானத்தில் திரும்பி வந்தான். இறங்கியதும் விசாரணை. யார் கூட்டிப்போனது, ஏமாற்றிய பணம் எங்கே போனது, ஆயுதக்காரர்களோடு உனக்கு என்ன தொடர்பு, கடத்தப்பட்டவனா, கடத்தியவனா என்று கேட்டார்கள். டிவியில் விசா இல்லாத பயணம் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தா என்று கோட்டு போட்டவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் கவுண்டரில் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. அதற்காக அவன்மேல் வழக்கு நடக்கிறது.

விசாரணை முடிந்து விட்டதும் அவன் நேரே போனது பாலகாட்டுக்கு. துணைக்கு நானும் போனேன். ஷெர்வின் மனைவி ஷைலாவிடம் கவுண்டரில் தொடங்கி முற்றம் வரை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கையில் கிடைத்த குக்கர் மூடியால் அவன் முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள், புருவம் கிழிந்தது. தடுக்க வந்த என்னை அவனே விலக்கினான். கை ஓயும்வரை அடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆபீசரு பேரு இன்னாண்ணா?"

பர்னபாஸுக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை என்றான்.

"என் வூட்டுக்காரரு உயிர காப்பாத்த பாத்தவரு அவரு ஒருத்தருதான்" என்றாள் ஷைலா. "அவரு பேரு கூட உனுக்கு தெரியல."