உள்பக்கம் எது

இடது கை செம்புக் கம்பியை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை அதன்மேல் பருத்தி நாடாவைப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றிக்கொண்டே போனது. ஒரு சுற்று கொஞ்சம் கோணினாலும் கைகள் நின்றுவிடும். அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கும்.

பழவேற்காடு கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஜலீல் எதையும் சொன்ன நாளில் கொடுத்ததில்லை. கொடுத்த எதுவும் பழுதாகித் திரும்பியதும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் அவரைத் தேடி வந்தார் மீஞ்சூர்க்காரரான எஞ்சினியர் தனசேகர். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் சிங்க்ரோட்ரான் என்று ஒரு எந்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் எலக்ட்ரான்கள் வட்டமாக ஓடி வேகமெடுக்கும். அவற்றைச் சோதனைக்கு வெளியே எடுக்க ஒரு காந்தம் வேண்டும். அந்தக் காந்தத்துக்கான காயிலில் ஒரு பக்கம் மெல்லிய செம்புத் தகடு, மறுபக்கம் தடித்த கம்பி.

"உங்க ஊரு ஏரி மாதிரி நெனைச்சுக்குங்க பாய். ஏரிக்குள்ள சுத்துறதை முகத்துவாரம் வழியா கடலுக்குத் தள்ளி வுடணும். மெல்லிசுத் தகடு உள்பக்கம் இருக்கணும்" என்றார் தனசேகர். முதலில் ஒரு மாதிரிக் காயில் கட்டித் தரவேண்டும். அது சரியாக வந்தால் அசல் காயிலும் ஜலீலுக்குத்தான்.

அன்று சாயங்காலமே கடைத்தெரு முழுக்கச் சேதி பரவியது. பரப்பியவர் ஜலீல்தான். பாய் எலக்ட்ரானுக்கு வலை பின்னுகிறார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரிப்பை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். காயில் தப்பாகிவிட்டால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் சோறு கொண்டுவந்த மனைவி மஸூதாவிடம், தகடு எஞ்சினியர் சொன்ன கடலைப் பார்த்து நிற்கும் அழகை விளக்கினார்.

"அவரு உள்பக்கம்னு இல்ல சொன்னாரு?"

"கடல்தான் உள்பக்கம். நம்மூர்ல ஒருத்தன் உள்ள போய்க்கிறான்னா கடலுக்குன்னுதானே அர்த்தம்?"

"நமக்கு அப்படி. மீஞ்சூர்ல கடல் ஏதுங்க?"

ஜலீல் காயிலைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மின்சாரம் கொடுக்கும் முனைக் கம்பிகள் தப்பான பக்கம் போய் நின்றன. வார்னிஷ் வேறு இறுகிவிட்டிருந்தது. சாப்பிடாமல் வெட்டுக்கத்தியை எடுத்தார்.

"கடைத்தெருவுல வுட்ட பேச்சைத்தான் அவுக்க முடியாது. இதை அவுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மஸூதா கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தனசேகர் வந்தபோது, ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிய புதுக் காயிலுக்கு இன்னும் வார்னிஷ் போடவில்லை. உள்பக்கம் என்றால் எது என்று ஜலீல் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"எலக்ட்ரான் சுத்துற பக்கந்தான் பாய். வேற எது?"

கதவுக்குப் பின்னால் மஸூதா இருமினாள். அவள் பக்கம் திரும்பாமலே ஜலீல் வார்னிஷ் டப்பாவைத் திறந்தார். அது காய்ந்து முடியும்வரை எஞ்சினியர் டீக்கடையில் காத்திருந்து, வலைக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தார். ஜலீல் காயிலைத் துணியில் வைத்து, தகட்டில் விரல் படாமல் நீட்டினார். தனசேகர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.