படத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

சென்னை ராஜதானியின் தேசப்படம் அது. மேலும் கீழும் கறுப்பு வார்னிஷ் அடித்த உருட்டுக் கட்டை, முதுகில் காடாத்துணி. விரித்து மாட்டினால் நாலு பிள்ளைகள் தோளோடு தோள் நின்றாற்போல் அகலம் இருக்கும். கடலெல்லாம் வெளுத்துப்போன நீலம். நம் பக்கம் இருந்த இடத்தில் பிள்ளைகள் விரல் வைத்து வைத்து ஓட்டையே விழுந்துவிட்டது. "தென்காசி எங்கே இருக்கு?" என்று கேட்டால் அந்த ஓட்டையைத்தான் காட்டுவார்கள். முப்பத்துச் சொச்ச வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ படங்களை எத்தனையோ சுவர்களில் மாட்டியிருக்கிறேன். இந்த ஒன்றை ஓர் ஆனி மாசத்துக் காலையில் ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தேனே, அது மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

பாளையங்கோட்டையில் ட்ரெயினிங் முடித்து நான் முதன்முதலாக வேலைக்குப் போன ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடம் அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், வயற்காட்டை ஒட்டி இருந்தது. ஒரே கூடம், ஓட்டுக் கூரை, மூன்று வகுப்பு. வாத்தியார் என்று தலைமையாசிரியரும் நானும்தான். ஊரில் அவருக்குப் பெரிய வாத்தியார் என்று பெயர். பெயர்தான் பெரிசு; ஆள் ஒல்லி, குரலும் மெலிசு. அவர் பிரம்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் சிலேட்டைக் கோணலாக வைத்தால் பொறுக்க மாட்டார். மணி அடித்தால் வரிசை, தண்ணீர் குடிக்க வரிசை, வீட்டுக்குப் போக வரிசை. இந்த மனுஷருக்கு எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. மலையிலிருந்து அடிக்கிற சாரல் நேரே அந்தச் சுவரில்தான் வந்து விழும். உள்ளே மண் கட்டு, மேலே சுண்ணாம்புப் பூச்சு. நான் சேர்ந்தபோது பிள்ளைகள் அந்த விரிசலுக்குள் சிலேட்டுக் குச்சியைச் சொருகி வைப்பார்கள். மறு வருஷம் ரூல்தடி நுழைந்தது. தலைமையாசிரியர் ஒரு வேலை செய்தார். காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, தேதி எழுதி, விரிசலுக்குக் குறுக்கே கஞ்சிப் பசையால் ஒட்டினார். சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். கிழிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டினார், அதுவும் கிழிந்தது. கிழிந்த துண்டுகளை அப்படியே சுவரில் விட்டுவைத்தார். பெற்றோரை அழைத்து அவற்றைக் காட்டினார். சுவரைக் கட்டித் தரச் சொல்லி எல்லாரும் கூடி மேலிடத்துக்கு மகஜர் எழுதினோம். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் பெருவிரல் ரேகை வைத்து, மையைக் கண்ட இடத்திலெல்லாம் துடைத்துவிட்டுப் போனார்கள். முதல் ரேகை வைத்தவர் ஒரு கொத்தனார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பில், என்னிடம் படித்தாள்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. மற்ற ஊர்களுக்கு இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு ஆனியிலும் ஆடியிலும் தவறாமல் வருவார். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் அதிகாரிகளுக்கெல்லாம் கல்வியின் மேல் அக்கறை பொங்கிவிடும். அந்த வருஷமும் குற்றாலத்து பங்களாவில் வந்து தங்கினார். மகஜரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார், சுவரை நேரில் பார்த்து எழுதப்போகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியரின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்குமுன் நான் கண்டதில்லை. முந்தின நாளே போய்க் காத்திருந்து அழைத்து வருவது வழக்கம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் பெற்றோர் வந்து குவிந்தார்கள். மாவிலைத் தோரணம், வாழைமரம், வாசலடைத்துக் கோலம். கொத்தனார் சுண்ணாம்புக் காரையும் கரண்டியுமாக வந்து நின்றார். "எல்லாச் சுவருக்கும் வெள்ளையடிச்சாச்சு டீச்சரம்மா. இதை மட்டும் இப்படியே விட்டா நல்லாவா இருக்கும்? நம்மூருக்கு ஒரு பெரிய மனுசர் வருதாரு."

"அதைப் பார்க்கத்தானே வருதாரு அண்ணாச்சி" என்றேன்.

"பாக்கட்டும். நான் மேலாப்புலதான் பூசுதேன். உள்ள நோவு அங்கனயேதான் இருக்கும். பெரிய வாத்தியாரு வாயால எடுத்துச் சொன்னா அவருக்குத் தெரியாதா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இதை இன்றைக்குச் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது கிழிந்த பாயை யாராவது விரிப்பார்களா என்றுதான் எண்ணினேன். சுவரில் இருந்த காகிதத் துண்டுகள் அழுக்கேறிப் பார்க்க அசிங்கமாக இருந்தன. தண்ணீர் தொட்டு நனைத்து, நகத்தால் சுரண்டி, ஒவ்வொன்றாக நானே உரித்துப் போட்டேன். கொத்தனார் விரிசலை அடைத்துப் பூசினார். மறுநாள் காலையிலும் பூச்சு காயாமல் ஈரத் திட்டாகத் தெரிந்தது. அதை மறைக்கத்தான் தேசப்படத்தை மாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் அருவியில் குளித்த ஈரத் தலையோடு வந்து இறங்கினார். மாலை விழுந்தது, இளநீர் வந்தது. பின்னாலேயே நுழைந்த தலைமையாசிரியர் வாசலில் நின்றுவிட்டார். அவர் பார்வை மேற்குச் சுவருக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வந்தது. நேரே போய்ப் படத்தைத் தூக்கினார். விரிசலின் சுவடே இல்லை; ஈரம் காயாத வெள்ளைப் பூச்சு. இன்ஸ்பெக்டர் விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டிய சுண்ணாம்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பெற்றோர்களே பழுதுபார்த்துவிட்டார்களே. இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை."

"ஐயா, இது நேத்துப் பூசினது. உள்ளே சுவர் ரெண்டாப் பிளந்து கிடக்கு" என்றார் தலைமையாசிரியர். மெலிந்த குரல் இன்னும் மெலிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற கொத்தனாரைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க. சுவர் எப்படி இருக்கு?" என்றார்.

கொத்தனார் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வந்த மனுஷர் ஊரை மெச்சிக்கொண்டிருக்கிறார். அந்த முகத்துக்கு நேரே எப்படி மாற்றிச் சொல்வது?

"நல்லாத்தான் இருக்கு எசமான்" என்றார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் விசிட் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போனார். கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறது, பெற்றோர் தாங்களே செப்பனிட்டது பாராட்டத்தக்கது, மகஜரின் பேரில் மேல் நடவடிக்கை தேவையில்லை. தலைமையாசிரியர் அதைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு வார்த்தை ஏசவில்லை. "அந்தக் காகிதங்களை எங்கே போட்டீங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். குப்பைக் குழியைக் காட்டினேன். குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். சாரலில் எல்லாம் கூழாகிவிட்டிருந்தது. அவர் ஏசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மழைக்காலம் முடியும்வரை ஊர்ச் சாவடியில் பள்ளிக்கூடம் நடத்தலாமா என்று பெற்றோரைக் கேட்டார். "நாங்க பூசிக் குடுத்தது பத்தலையாக்கும்" என்று அவர்களுக்கு மனத்தாங்கல். வேறு வழியில்லாமல், மீந்த சுண்ணாம்பைக் கரைத்துத் தரையில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைத் தாண்டி மேற்குச் சுவர்ப் பக்கம் ஒரு பிள்ளையும் போகக்கூடாது. தன் நாற்காலியையும் சாமான் பெட்டியையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, பிள்ளைகளை எல்லாம் இந்தப் பக்கம் நெருக்கி உட்கார்த்தினார். வரிசையாவது வரிசை, அப்படி ஒரு வரிசை. பனையோலையில் முடைந்த தடுக்குத்தான் பிள்ளைகளுக்கு ஆசனம். ஒவ்வொரு தடுக்கும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். சாயந்தரம் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒன்பது பத்து நாள் விடாமல் சாரல் அடித்தது. ஒரு திங்கட்கிழமை காலை நான்தான் முதலில் போய்க் கதவைத் திறந்தேன். திறந்ததும் எதிரே மலை தெரிந்தது. கூடத்துக்குள் நின்றுகொண்டு மலையைப் பார்க்கிறேன் என்பது புத்திக்கு எட்டவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை எப்போதோ சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து, கூரையையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தேடினேன். காணவில்லை. இடிபாடு கோட்டைத் தாண்டி இரண்டு வரிசைக்கு வந்திருந்தது. மண் கட்டிகளுக்கு அடியில் தடுக்குகளின் ஓரம் மட்டும் வரிசை குலையாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அவற்றில் எது எந்தப் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "சுவர் பத்தடி உசரம் டீச்சர். கோடு பத்தடி தள்ளித்தான் போட்டிருக்கணும். அப்படிப் போட்டாப் பாதிப் பிள்ளைகளுக்கு இடம் இல்லைன்னு ஆறடியில போட்டேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதைத் தவிர அந்தப் பிள்ளைகளை வேறு எதுவும் காப்பாற்றவில்லை.

செய்தி பரவி ஊரே வந்தது. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் தடுக்கைக் கண்டுபிடித்து அதற்கு நேரே நின்றாள். கொத்தனார் பூசிய காரை மட்டும் உடையாமல், வெள்ளை வெளேரென்று மேலாகக் கிடந்தது. அவர் குனிந்து கட்டியைப் புரட்டப் போனார். அவர் மனைவி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"ஒரு கட்டியத் தொடாதிய. அந்த ஆபீசரு வந்து பாக்கட்டும். அன்னைக்கு நீங்க வாயால சொல்லாதத இது சொல்லும்."

அப்படியே விட்டார்கள். சாவடி உடனே கிடைத்தது. நானும் தலைமையாசிரியரும் நாள்தோறும் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினோம். பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் போய் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். இம்முறை தோரணம் இல்லை, மாலை இல்லை, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. எங்கள் ஊர் அப்படி ஒரு விருந்தாளியை நடத்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். உட்கார நாற்காலி இல்லையா என்று கேட்டார்.

"அதுக்குள்ளதான் கிடக்கு ஐயா" என்று தலைமையாசிரியர் இடிபாட்டைக் காட்டினார்.

கொத்தனார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தார். "போன தடவை நல்லா இருக்குன்னு சொன்னது நாந்தான் எசமான். பொய் சொன்னேன். இந்தா, ரெண்டாவது வரிசையில நீட்டிக்கிட்டு இருக்கே, அது இவ தடுக்கு" என்றார். இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே எழுதினார்.

புதுச் சுவருக்கு உத்தரவு வந்தது, கருங்கல்லில். அதே தபாலில் இன்னோர் உத்தரவும் வந்தது. கட்டடத்தின் அபாய நிலையை உரிய முறையில் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரத் தவறிய காரணத்தால், தலைமையாசிரியரைச் சிவகிரிப் பக்கம் மாற்றியிருக்கிறோம் என்று. சாட்சியாக இருந்த காகிதங்களைச் சுரண்டிப் போட்டவள் நான். எனக்கு ஒரு மெமோகூட இல்லை. கொத்தனாரும் மற்றவர்களும் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் உரித்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதிலே வரவில்லை. கிளம்புகிற அன்று தலைமையாசிரியர் பள்ளிக்கூடச் சாவியை என் கையில் கொடுத்தார். "இனிமே வெள்ளையடிச்சா, காகிதத்தை விட்டுட்டுச் சுத்தி அடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார். சொன்னதில் கோபம் இல்லை. பேருந்து கிளம்பும் வரை நான் அழுதுகொண்டே நின்றேன்.

ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. போன மாசம் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு, பழைய டீச்சர் என்று மரியாதை செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். புதுச் சாயம் அடித்த சுவர்கள், வாசலில் வாழைமரம். என்னை உட்கார வைத்த வகுப்பறையில் பளபளவென்று ஒரு பெரிய தேசப்படம் தொங்கியது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுந்து போய்ப் படத்தைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால், மேலிருந்து கீழ்வரை, பென்சில் கனத்தில் ஒரு விரிசல்.

கூடவே வந்த இளம் ஆசிரியை சங்கடத்தோடு சிரித்தாள். "எழுதிப் போட்டிருக்கோம் டீச்சர். இன்னைக்கு நீங்கள்லாம் வருதிய, பாக்க நல்லா இருக்காதேன்னுதான் மறைச்சோம்."

வெளியே மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கை காட்டிவிட்டு, படத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அவளிடம் ஒரு துண்டுக் காகிதமும் கொஞ்சம் பசையும் கேட்டு வாங்கி, குறுக்கே ஒட்டினேன். தேதியை நானே எழுதினேன்.