வினிஃப்ரெட்டின் இடப்பக்கம்

மலேசியாவின் மூவார் ஊரில் வினிஃப்ரெட் வேலை செய்யும் சோபா பட்டறையில், அவள் தைத்ததைப் பிரிக்க வேண்டுமென்றால் துணியைத்தான் வெட்ட வேண்டும், நூலை உருவ முடியாது என்பார்கள். அவள் பேச்சும் அப்படித்தான். யோசித்துத்தான் சொல்லுவாள், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாள்.

சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். படிப்பு பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நின்றது. பள்ளியை விட்டுச் சில வருஷம் கழித்து ஒரு நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது வலப்பக்கச் சினைப்பை, அதன் மேல் வளர்ந்திருந்த கட்டியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, கறுத்துச் செத்திருந்தது. எடுத்துப் போட்டுவிட்டார்கள். இன்னொன்று இருக்கிறது, அது போதும் என்றார் டாக்டர்.

அந்த இன்னொன்றை நம்பித்தான் வினிஃப்ரெட் கல்யாணம் செய்துகொண்டாள். பட்டறையிலிருந்து சோபாக்களை ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநர் வசந்தன் அவளைக் கேட்டபோது, முதல் வேலையாக இதைத்தான் சொன்னாள். "எனக்கு முட்டப் பை ஒண்ணுதான் இருக்கு. யோசிச்சுக்குங்க." அவன் யோசிக்கவில்லை. தன் அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

அம்மா ராசம்மாவுக்கு வேறு குறைகளே போதுமானதாக இருந்தன. மருமகள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். தாலி கோயிலில் ஏறவில்லை, பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு முடிந்தது. நான்கு வருஷமாகியும் பிள்ளை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், மருமகளின் அக்கா அமண்டா. பள்ளிக் கேண்டீனில் சமைக்கும் அமண்டா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தங்கைக்கு ஒரு பாத்திரத்தில் ஏதாவது கொண்டு வருவாள். அந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலே ராசம்மாவுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும்.

"ஏன், எங்க வூட்டுல அடுப்பு எரியலயா?"

"எரியுது பெரியம்மா. அதான் வாசல் வரைக்கும் சூடா இருக்கு," என்பாள் அமண்டா. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே நாக்கு.

இந்த நிலையில்தான் வினிஃப்ரெட்டுக்கு இடப்பக்க அடிவயிற்றில் ஒரு கனம் தட்டத் தொடங்கியது. தையல் மெஷினில் குனியும்போது உள்ளே ஏதோ இடம் மாறி உட்காருவது போல இருக்கும். ராசம்மா மருமகளின் வயிற்றைப் பார்த்தாள், நாள் கணக்குப் பார்த்தாள், முதல் தடவையாகச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது தானும் வருவேன் என்று பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஸ்கேன் எடுத்தவர் மலாய்க்கார டாக்டர், நடுத்தர வயதுப் பெண்மணி. திரையை வெகுநேரம் பார்த்தார். கட்டில் பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற ராசம்மாவைப் பார்த்துவிட்டு, அவள் முன்னால் சொல்லலாமா என்று வினிஃப்ரெட்டிடம் கேட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"பேபி இல்லை, மாக்சிக். இனி சிஸ்டா. டாலாம் அடா ரம்புத்."

மாக்சிக் என்பது மலாயில் வயதான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். சிஸ்டா என்றால் கட்டி, நீரோ வேறு எதுவோ நிரம்பிய பை. ரம்புத் என்றால் முடி. இது சிஸ்டா, உள்ளே முடி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தோட்டத்து மலாய் பேசி வளர்ந்த ராசம்மாவுக்கு ரம்புத் தெரியும். சிஸ்டா என்ற ஆஸ்பத்திரிச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. ஆனால் சிஸ்டர் என்றால் யார் என்று நன்றாகத் தெரியும், மருமகளின் அக்கா. அவள் முகம் மாறியது. பூவைத் தலையிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே டாக்டர் வினிஃப்ரெட்டுக்கு நிதானமாக விளக்கினார். பெண்களுக்குச் சினைப்பையில் கட்டி வருவது சாதாரணம். மாதாமாதம் முட்டை வளரும் பை வெடிக்காமல் நீர் கோத்துக்கொண்டு நிற்கும். அல்லது வெடித்த இடம் மூடிக்கொண்டு நீர் சேரும். அந்த மாதிரிக் கட்டி இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் பெரும்பாலும் தானே வற்றிவிடும். அதற்குக் கத்தி வேண்டாம், மறுபடி ஒரு ஸ்கேன் பார்த்தால் போதும். இவளுக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை. பெண்ணின் முட்டை அணுவுக்குள் தோல், முடி, பல் எல்லாம் ஆகக்கூடிய விதை இருக்கிறது. எப்போதாவது அந்த அணு கரு இல்லாமலே தன் பாட்டுக்கு வளர ஆரம்பித்து, ஒரு பைக்குள் கொழுப்பும் முடியும் சில சமயம் பல்லுமாகச் சேர்த்துவிடும். அது பிள்ளையும் இல்லை, பெரும்பாலும் புற்றும் இல்லை. ஆனால் மருந்துக்குக் கரையாது.

"ஓர் ஆரஞ்சு அளவுக்கு இருக்கு," என்றார் டாக்டர். "கனம் ஏறினா சினைப்பை தன் காம்புல முறுக்கிக்கும். போன தடவை உனக்கு நடந்தது அதுதான். இப்பவே தேதி போட்டுடலாம். சின்ன ஓட்டை போட்டு, கட்டியை மட்டும் உரிச்சு எடுத்துட்டு சினைப்பையை விட்டுடுவோம். அதுக்கு முன்னாடி திடீர்னு வலி வந்து வாந்தியும் வந்தா, ஒரு நிமிஷம் காத்திருக்காதே. நேரா இங்கே வா."

வினிஃப்ரெட் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதை விட்டுடுவீங்கதானே?"

"அதுக்காகத்தான் சீக்கிரம் வரச் சொல்றேன்."

அன்று மாலைக்குள் அவர்கள் குடியிருந்த தாமானில் பாதி வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. மருமகளின் வயிற்றில் சிஸ்டர் முடியை வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, டாக்டரே சொன்னார் என்றாள் ராசம்மா.

"அத்தை, சிஸ்டான்னா கட்டி," என்றாள் வினிஃப்ரெட். "சிஸ்டர் இல்ல. மலாய் வார்த்த."

"எனக்கு மலாய் சொல்லித் தராத. நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் மலாய் பேசுனவ. சிஸ்டர், ரம்புத். ரெண்டு காதாலயும் கேட்டேன். வாரா வாரம் பாத்திரத்துல கொண்டாந்து கொடுத்தது மீன் கொழம்பா, வேற எதுவா?"

"மீனுக்கு முடி இருக்காது அத்தை."

"பேசு. வயித்துல உம் அக்கா மயிர வச்சிக்கிட்டு இன்னும் பேசு."

எதிர்வீட்டு லோஷினி சமாதானம் செய்ய வந்தாள். தனக்கும் போன வருஷம் நீர்க்கட்டி வந்ததென்றும், மூன்று மாதத்தில் தானாகவே காணாமல் போய்விட்டதென்றும் சொன்னாள். ராசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்குத் தானா போச்சு. ஏன்னா உனக்கு அக்கா இல்ல."

அடுத்த ஞாயிறு அமண்டா வந்தபோது கேட் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து ராசம்மா, "வச்சத எடுக்கறதுன்னா உள்ள வா. இல்லன்னா அப்படியே போ," என்றாள். அமண்டா பாத்திரத்தைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு, "எடுக்கறதுக்கு டாக்டர் இருக்காங்க பெரியம்மா. நீங்க வழி விட்டா போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். குழம்பை ராசம்மா வடிகாலில் கொட்டினாள். பாத்திரத்தை வினிஃப்ரெட் எடுத்துக் கழுவி, மாமியாரின் பாத்திரங்களுக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசுவது நின்றது. சுவரைப் பார்த்தும் பூனையைப் பார்த்தும் பேசிக்கொண்டார்கள். பூனைக்குத்தான் வசவு அதிகம் விழுந்தது.

ராசம்மா, குறி சொல்லும் ஒருவரைப் பிடித்தாள். வைத்ததை வாய் வழியாகவே எடுத்துவிடலாம், ஆனால் கத்தி பட்டால் கருப்பை சுருங்கிப் போகும் என்றார் அவர். ஆப்பரேஷன் தேதிக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார்.

வசந்தன் அம்மாவுக்கும் தலையாட்டினான், மனைவிக்கும் தலையாட்டினான். "அம்மா மனசுக்காக ஒரு தடவ உக்காந்துடு வினி. அப்புறம் ஆப்பரேஷன் செஞ்சுக்கலாம்."

"அந்த ஆளு குடிக்கக் கொடுக்கறத நான் குடிக்க மாட்டேன். வேணும்னா நீங்க குடிங்க. உங்க வயித்துல என்ன இருக்குன்னு பாக்கலாம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போலப் பட்டறைக்குப் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு மூலை சோபாவின் உறையைத் திருப்பும்போது இடப்பக்கம் யாரோ கொக்கி போட்டு இழுத்தது போல வலி வந்தது. கையிலிருந்த துணியோடு முழங்காலில் உட்கார்ந்தாள். ஸ்பாஞ்ச் துண்டுகளின் மேல் வாந்தி எடுத்தாள். இந்த வலியை அவளுக்கு முன்பே தெரியும். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே ஓடி வந்தார். வசந்தனின் லோரி வாசலில்தான் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அதிலேயே தூக்கி உட்கார வைத்தார்கள்.

லோரி கிளம்பியதும் வசந்தன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் ராசம்மாவின் குரல் கேட்டது. "வலிக்குதா? வாந்தியா? ஐயா சொன்னாருடா. அது வெளிய வர நேரம். ஆஸ்பத்திரிக்குப் போவாத, இங்க கூட்டிட்டு வா. அவரு வந்து உக்காந்திருக்காரு."

முச்சந்தியில் நேராகப் போனால் ஆஸ்பத்திரி, இடப்பக்கம் திரும்பினால் வீடு. வசந்தன் இடப்பக்கம் விளக்குப் போட்டான்.

வினிஃப்ரெட் கதவைத் திறந்தாள்.

லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் பதறிப்போய் பிரேக் போட்டான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, கதவைப் பிடித்துத் தொங்கியபடி அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

"நீங்க வீட்டுக்கே திருப்புங்க. நான் எறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்து போறேன்."

"வினி, அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. பத்து நிமிஷம்தான்."

"உங்க அம்மாவுக்குக் கோவம் நாளைக்கும் வரும். எனக்கு இது நாளைக்கு இருக்காது. இருக்கறது ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே வெளக்கு போட்டீங்க."

வசந்தன் விளக்கை அணைத்தான். லோரி நேராகப் போனது. போன் மறுபடி அடித்தது. அவள் அதை எடுத்துத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அறுவை அறைக்குக் கொண்டு போகுமுன் டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். திறந்து பார்க்கும்போது சினைப்பை முழுவதும் செத்திருந்தால் எடுக்கத்தான் வேண்டும். உயிர் இருக்கிற மாதிரித் தெரிந்தால் எடுக்க மாட்டோம். வினிஃப்ரெட் கையெழுத்துப் போட்டாள். செய்தி கேட்டு வந்து வெளியே நின்ற அமண்டாவின் கையைப் பிடித்து, "வந்துட்டேன்க்கா. இந்தத் தடவ ஓமத்தண்ணி குடிக்கல," என்றாள்.

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் பக்கத்தில் நின்றார். சினைப்பை இரண்டு சுற்று முறுக்கியிருந்ததாம். முறுக்கைப் பிரித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். நாவற்பழ நிறத்தில் இருந்தது மெல்ல வெளுக்கத் தொடங்கியதாம். கட்டியை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, சினைப்பையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டார்கள். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சினைப்பை பிழைத்ததா என்று ஆறு வாரம் கழித்து ஸ்கேனில்தான் முழுதாகத் தெரியும்.

மறுநாள் பார்வை நேரத்தில் ராசம்மா வந்தாள். கட்டிலருகே அமண்டா இருப்பதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"என்ன இருந்துச்சாம் உள்ள?"

"முடி. ஒரு பல்லு," என்றான் வசந்தன்.

"நான் சொன்னப்ப சிரிச்சீங்க. யார் முடின்னு கேட்டீங்களா? நீளமா, கறுப்பா?" ராசம்மாவின் கண் அமண்டாவின் கொண்டையில் நின்றது.

வினிஃப்ரெட் தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றில் தையல் இழுத்தது.

"அது என் முடி அத்தை. பல்லும் என் பல்லுதான். என் ஒடம்புல, என் முட்டையில மொளச்சது. யாரும் வைக்கல."

"அப்ப டாக்டர் சிஸ்டர்னு சொன்னது?"

மருந்து கொடுக்க வந்த மலாய்த் தாதியை அமண்டா கூப்பிட்டுக் கேட்டாள். தாதி ராசம்மாவைப் பார்த்து, சிஸ்டா வேறு, சிஸ்டர் வேறு, மாக்சிக், அது வெறும் கட்டி என்று பொறுமையாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராசம்மாவின் காது சிவந்தது. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று மட்டும் அவள் வாயில் வரவில்லை.

"சரி, கட்டியே இருக்கட்டும். ஏதோ இருக்கறது ஒண்ணுதான்னு இவன்கிட்ட நீ ரோட்டுல சொன்னியாமே. நேத்து வீட்டுக்கு வந்தப்ப அந்த ஐயாகிட்ட அழுதுக்கிட்டே இவன் சொன்னான். ஒத்தப் பையோடதான் எம் பையன் தலையில கட்டுனீங்களா? அதையும் மறச்சா?"

"உங்க பையன்கிட்ட மறைக்கல. உங்ககிட்ட மறச்சது அவரு. அவரையே கேளுங்க."

வசந்தன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ராசம்மா அவனையும் பார்த்தாள், மருமகளையும் பார்த்தாள், கொண்டு வந்த பழப் பையைத் தரையில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வினிஃப்ரெட் அமண்டாவின் வீட்டுக்குத்தான் போனாள். வசந்தன் தினமும் வேலை முடிந்து வந்து வாசலில் நிற்பான். அமண்டா நாற்காலி போடுவாள், பேச மாட்டாள். பரிசோதனை முடிவு வந்தது. புற்று எதுவும் இல்லை. ஆறு வாரம் கழித்து ஸ்கேனுக்கு அவனும் கூடப் போனான்.

டாக்டர் கருவியை இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார். சாம்பல் நிறத் திரையில் வாதாம்பருப்பு போல ஒன்று. அதற்குள் எள் தெளித்தது போலக் கறுப்புப் பொட்டுகள். அவை வளரும் முட்டைகள் என்றார் டாக்டர். ரத்தம் நன்றாக ஓடுகிறது. சினைப்பை பிழைத்துக்கொண்டது. கட்டி திரும்ப வரலாம், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட வேண்டும். பிள்ளைக்கு முயற்சி செய்யத் தடையில்லை.

வினிஃப்ரெட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுபடி ஒரு தடவை காட்டச் சொன்னாள். டாக்டர் காட்டினார்.

வெளியே நடைபாதையில் வசந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "அம்மாகிட்ட சொல்லவா?"

"சொல்லுங்க. உசுரோட இருக்குன்னு சொல்லுங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அவங்க கையில ஒரு பேரனக் கொடுக்கறதுக்காக இதக் காப்பாத்தலன்னும் சொல்லுங்க. எனக்காகக் காப்பாத்துனேன். வேற வீடு பாத்துட்டு வந்து கூப்பிடுங்க, வரேன். அந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். அமண்டாவிடம் அவளே நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.