இறகு உதிர்ந்த ஆடி

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ ஓட்டிய கணேசமூர்த்தி, சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே விசிலடித்துக்கொண்டு வருவார். அவர் ஆசையாய் வாங்கி வளர்த்த கொண்டைக் கிளி அதை அப்படியே பிடித்துக்கொண்டது. போன தை மாதம், ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மனுஷன் போனார், விசில் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூண்டிலிருந்து அது எழும். கிளிதான் என்று தெரிந்தும் அவர் மனைவி அன்னம்மாளின் கை தாழ்ப்பாளுக்குப் போகும்.

"யாருக்காவது குடுத்துடும்மா. போன்ல கேட்டாலே எனக்கு ஒடம்பு சிலிர்க்குது" என்பாள், ஓசூரில் வாழ்க்கைப்பட்ட மகள் தாரணி.

ஆடியில் கிளி இறகு உதிர்க்கத் தொடங்கியது. கட்டிலடியில், தண்ணீர்க் குடத்தின் மேல், எங்கு பார்த்தாலும் சாம்பல் இறகு. தலையில் முள் முள்ளாய்க் குருத்து கிளம்பியது. கிளி வாயைத் திறக்கவே இல்லை.

"ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் மல்லேஸ்வரத்துப் பறவை டாக்டர். "இருக்கிற சத்தெல்லாம் புது இறகுக்குப் போயிடும். அதான் சோர்ந்து கெடக்கு."

"பழைய விசில் ஞாபகம் இருக்குமா சார்?"

"சிலது மறந்துடும்."

நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலமானால் அவள் காது படிக்கட்டிலேயே இருந்தது. இறகுகளைக் குப்பையில் கொட்ட மனமில்லாமல் அவருடைய காக்கிச் சட்டைப் பையில் சேர்த்தாள்.

ஒருநாள் தூறலில் தாரணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது விசில் கேட்டது.

"கிளி தேறிடுச்சாம்மா? விசிலடிக்குதே!"

அன்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். கிளி முதுகு இறகுக்குள் தலையைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. விசில் மறுபடி எழுந்தது. படிக்கட்டில். முன்னைவிடக் கிட்டத்தில்.

"அம்மா? ஏம்மா பேசமாட்டேங்கற?"

கதவைத் திறந்தாள். யாருமில்லை. கீழ்வீட்டு லட்சுமம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப மேல ஏறிப் போனது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு" என்று வாயில் வந்துவிட்டது. லட்சுமம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புரட்டாசிக்குள் கிளி பளபளவென்று ஆனது. குக்கர் மாதிரிக் கத்தியது, காய்கறி வண்டிக்காரன் மாதிரிக் கூவியது. அந்த விசில் மட்டும் வரவில்லை. தாரணி வந்தபோது அன்னம்மாள் கூண்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"நீயும் வந்துடேம்மா. தனியா எதுக்கு இங்க?"

"நீ போம்மா. சாயங்காலம் கதவு தொறக்க வீட்ல ஆள் வேணும்."

தாரணி கூண்டை அணைத்துக்கொண்டு வேகமாய்ப் படியிறங்கினாள்.