கைறுன்னிஸா நாக்கில் தொட்ட சுவர்

1997ஆம் ஆண்டின் குடும்பப் பதிவேட்டில் கிராம சேவகர் எழுதியிருந்தபடி, காத்தான்குடிக் கடற்கரையை அண்டிய ஒழுங்கையில் வசித்த கைறுன்னிஸா "தொழில் எதுவுமற்றவர், கணவரில் தங்கி வாழ்பவர்." கணவர் முத்தலிப்பின் பெயருக்கு நேரே "குடும்பத் தலைவர், வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர்" என்றிருந்தது. முத்தலிப் ஆறு வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். அதன் பிறகு அவர் ஏறிய ஆகக் கூடிய உயரம் சாய்மனைக் கதிரை. அந்த ஆறு வருடமும் வர்ணம் பூசும் பிரஸைப் பிடித்தது கைறுன்னிஸாவின் கை. கணவர், மாமியார், இரண்டு மகள்மார் என்று நால்வர் அவளில் தங்கி வாழ்ந்தார்கள். பதிவைத் திருத்தும்படி கேட்டு அவள் போகவில்லை. "பதிவெழுதினவருக்கும் ஊடு வாசல் இரிக்கும்தானே, பெயின்ற் அடிக்கக் கூப்பிடுவார், அப்பத் தெரிஞ்சுகொள்ளட்டும்" என்பாள்.

அவளுக்குத் தொழிலைத் திறந்துவிட்டது ஊரின் கட்டுப்பாடுதான். ஆண் ஒருவர் உள்ளே வர்ணம் பூசினால், வீட்டுப் பெண்கள் ஒரு கிழமைக்கு அயல் வீட்டில் ஒதுங்க வேண்டும். கைறுன்னிஸா வந்தால் அடுப்பு அணையாது. ஆனால் அதே கட்டுப்பாடு, வெளிச்சுவரில் ஒரு பெண் சாரமேறி நிற்பதை ஒப்பாது. அதற்கு அவள் சாரத்தைச் சுற்றிப் படங்குத் துணி கட்டினாள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரோரமாக நகரும் ஒரு கூடாரமும், அது நகர்ந்த இடத்தில் புது நிறமும்தான். ஒருமுறை ரோந்து வந்த ஆமிக்காரர் துவக்கை நீட்டிப் படங்கைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே மூக்கு நுனியில் வர்ணத்தோடு ஒரு பெண். அவிழ்த்த கயிற்றை அவர்களே திரும்பக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அவளுடைய பெயர் ஒரே ஒரு விசயத்தில் நின்றது: அவள் பூசிய சுவர் உரியாது. பூசுவதற்கு முன் விரலால் சுவரை அழுத்தித் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம்.

அந்த ஒக்டோபரில் இப்றாஹிமின் புது வீட்டிலும் அப்படித்தான் செய்தாள். சவூதியில் ஆறு வருடம் நின்றுவிட்டு இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தான் அவன். தாயில்லாத தங்கை ஹிதாயாவுக்குப் பன்னிரண்டு நாளில் கலியாணம். கழுவினாலும் மினுங்கும் என்று கொழும்பிலிருந்து எடுப்பித்த வர்ண வாளிகள் முன்கூடத்தில் அடுக்கியிருந்தன.

"என்ன ராத்தா, சுவரைத் தின்னப் போறீங்களா?"

"தின்னலாம் தம்பி. உப்புப் போடத் தேவையில்ல. எங்கத்தைய மண்?"

ஆற்று மணல் லொறிகள் மூன்று கிழமையாகச் சோதனைச் சாவடிக்கு அப்பால் நின்றன. கலியாண அவசரத்தில் மேசன்மார் கடற்கரையிலிருந்து வண்டிலில் ஏற்றியிருந்தார்கள்.

"கடல் மண்தான். மூணு தரம் கழுவினாங்களாம்."

"கழுவின தண்ணி?"

இப்றாஹிம் கடல் இருந்த திசையைப் பார்த்தான்.

"உங்கட பெயின்ற் நல்ல சாமான் தம்பி. ஆனா அது ரப்பர் போல மூடும். உள்ளுக்கு இரிக்கிற ஈரமும் உப்பும் வெளிய வர வழி தேடும். மாரி முடிய முந்தித் தோல் உரியும். இப்பச் சுண்ணாம்பு பூசுவம், அது மூச்சு விடும். அடுத்த வருசம் சுவர் காஞ்ச மறுகா உங்கட வாளியத் திறப்பம்."

"மாப்பிளை ஊட்டார் என்ன சொல்லுவாங்க? சவூதில உழைச்சவன் தங்கச்சிக்கு ஆட்டுக் கொட்டிலுக்கு அடிக்கிறத அடிச்சிருக்கான் எண்டுவாங்க."

கடைசியில் அவன் ஒரு பரீட்சை வைத்தான். யன்னலுக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் தன் வர்ணத்தைப் பூசச் சொன்னான். பூசினாள். நான்கு நாள் போயிற்று. சதுரம் அசையவில்லை, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"நாலு நாளில உரியும் எண்டு நான் சொல்லல்லயே. உப்புக்கு என்ன, கலியாணமா அவசரப்பட?"

"நீங்க பூசாட்டி ஏறாவூரால ஆள் எடுப்பன்."

மார்கழிக் கலியாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த இன்னும் நான்கு வீடுகள் இந்த வீட்டையே பார்த்திருந்தன. மறுத்தால், புது வர்ணம் பூசத் தெரியாதவள் என்று அந்த நான்கும் கைவிட்டுப் போகும். பூசினால், தையில் உரியும்போது அவள் பெயரும் சேர்ந்து உரியும். அவள் பிரஸைக் கீழே வைத்தாள்.

"தம்பி, இந்த ஊடு யாருட?"

அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது; மாப்பிள்ளைதான் வந்து சேர்பவர். வீட்டின் உறுதிப் பத்திரம் ஏற்கனவே ஹிதாயாவின் பெயரில் முடிந்திருந்தது.

"தங்கச்சிட."

"அப்ப நான் ஏன் உங்களோட நிண்டு மல்லுக்கட்டுறன்?"

நேரே குசினிக்குப் போனாள். ஹிதாயா தேங்காய் துருவியபடி, நாலு நாளாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"மகள், இந்தச் சுவரோட எத்தனை வருசம் இரிக்கப் போறீங்க?"

"மவுத்தாகும் வரைக்கும்."

"உங்கட இப்றாஹிம் காக்கா?"

"அவருக்கு லீவு ரெண்டு மாசம்." துருவிய தேங்காயை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "சுண்ணாம்பையே பூசுங்க ராத்தா."

இப்றாஹிம் வாளிகளை அறைக்குள் தூக்கி வைத்தான். ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தான்.

மூன்று நாள் கைறுன்னிஸா சுவரில் தண்ணீர் படவிடாமல் உலர்ந்த பிரஸால் உப்பைத் தட்டினாள். காலையில் மீண்டும் பூத்திருக்கும், மீண்டும் தட்டுவாள். பிறகு சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து, பழஞ்சாரன் துணியில் இருமுறை வடித்து, வச்சிரப் பசையும் ஒரு நுள்ளு நீலமும் சேர்த்து, பாலைப் போல் மெல்லியதாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவிட்டாள். மழை விட்ட நேரங்களில் வெளியே கூடாரம் நகர்ந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா, மூத்த மருமகள் ஸஹீதாவோடு வீடு பார்க்க வந்தார். பார்த்த வீட்டிலெல்லாம் குறை கண்டவர் என்ற நல்ல பெயர் அவருக்கு உண்டு.

"சுண்ணாம்பா?" என்று கேட்டுவிட்டு, கட்டியிருந்த கறுத்த சேலையோடு வேண்டுமென்றே சுவரில் சாய்ந்து, இரண்டு தரம் முதுகைத் தேய்த்தார். பிறகு திரும்பி நின்றார். "பாருகா, எவ்வளவு ஒட்டியிரிக்கி?"

"ஒண்டுமில்ல மாமி."

"வடிவாப் பாரு."

"பாத்துட்டன். கொஞ்சம் தூசி. அது நம்மட ஊட்டுத் தூசி."

ஆயிஷா உம்மா சேலையைச் சரிசெய்துகொண்டார். "யாருகா பூசினது?" என்று ஹிதாயாவிடம் கேட்டு, பெயரை இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மார்கழி வீடுகள் நான்கிலிருந்தும் அந்தக் கிழமையே ஆள் வந்தது.

தையில், யன்னலுக்குக் கீழிருந்த சதுரம் அப்பம் போல் பொங்கி உதிர்ந்தது. ஹிதாயா அதைத் தமையனுக்குக் கடிதத்தில் எழுதினாள். வாளிகளைத் திறக்க வேண்டாம், ராத்தா சொல்லும்போது திறக்கலாம் என்று அவன் பதில் போட்டான்.

அடுத்த ஓகஸ்டில், கச்சான் என்ற வறண்ட மேல்காற்றில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, கைறுன்னிஸா பழைய சுண்ணாம்பைச் சுரண்டித் தேய்த்து, இப்றாஹிமின் வாளிகளைத் திறந்து, அந்த வீட்டுக்கு உள்ளும் புறமும் இரண்டு பூச்சு வர்ணம் பூசினாள். தனியாக, பத்தொன்பது நாளில் முடித்தாள்.