பொட்டு வைத்த விசா

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். போட்டோக் கொப்பி அடிப்பது, கடவுச்சீட்டுக்குப் படம் எடுப்பது, வெளிநாடு போகிறவர்களுக்கு விசாப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதெல்லாம் அங்கே நடக்கும். படிவம் நிரப்புவது என்னுடைய மேசை. கனடாவில் இருக்கும் மகனிடம் போகிற தாய்மார், லண்டனுக்குப் படிக்கப் போகிற பெடியள், கலியாணம் எழுதிவிட்டுப் பிரான்ஸ் போகக் காத்திருக்கிற பெட்டையள் எல்லாரும் அந்த மேசைக்கு முன்னால் இருந்து எழும்பிப் போனவர்கள்தான். நான் கொஞ்சம் கறார். கையெழுத்து பெட்டிக்கு வெளியே ஒரு நூல் போனாலும் வேறு தாள் கொடுத்துத் திரும்ப எழுதச் சொல்வேன். முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும் என்று இருந்துவிடுவேன்.

விசா கிடைத்தவர்கள் கோயிலுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்பார்கள். "கொண்டுபோங்கோ. ஆனா மூடின படியே தட்டில வையுங்கோ. உள்ளுக்கு ஒண்டும் பூச விடாதேங்கோ" என்று சொல்லித்தான் அனுப்புவேன். எங்கள் சனத்துக்குப் புதிதாக எது வந்தாலும் அதில் ஒரு பொட்டு வைக்காவிட்டால் கை சும்மா இராது. புதுச் சட்டையென்றால் ஓரத்தில் மஞ்சள். புது மோட்டார் சைக்கிளென்றால் முன் லைட்டில் சந்தனமும் குங்குமமும். சந்தனம் காய்ந்து ஒட்டிய கடவுச்சீட்டுகளை எத்தனையோ தரம் நகத்தால் சுரண்டிக் கொடுத்திருக்கிறேன், திட்டிக்கொண்டே.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் என் கணவருக்கு வேலை போனது. ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளராக இருந்தவர். கப்பல் குறைந்தது, ஆட்களைக் குறைத்தார்கள். தெரிந்த ஒருவர் மூலம் மலேசியாவில் ஜோகூரில் அதே மாதிரி வேலை கிடைத்தது. "ஆறு மாசத்தில உம்மையும் எடுத்துப்போடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவரும் நம்பினார். அந்த ஆறு மாதம் மூன்றரை வருடமாக இழுபட்டது. முதல் தரம் கலியாணப் பதிவின் மொழிபெயர்ப்பு சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குப் போய் வேறு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தேன். இரண்டாம் தரம் அவருடைய பதவி மாறிவிட்டது, கடிதம் பழையது என்றார்கள். அதற்குள் என் பொலிஸ் அறிக்கைக்குத் தவணை முடிந்துவிட்டது.

இந்தக் காலம் முழுதும் கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போய், பகல் முழுதும் மற்றவர்களின் விசாவுக்கு எழுதிவிட்டு, பின்னேரம் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து என்னுடைய விசாவுக்கு எழுதுவேன். அவர் போன் எடுப்பார். சாப்பிட்டீரா, சாப்பிட்டன், அங்க மழையோ, ஓம் மழை. அதற்குப் பிறகு படிவம். எந்தப் பக்கத்தில் எந்த முத்திரை, எந்தக் கடிதத்துக்கு எந்தத் தேதி. இடையில் ஒரு தரம் இரண்டு கிழமை வந்து நின்றார். மூன்றாம் நாளே திரும்பிப் போகிற ரிக்கெற்றை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபப்படவும் அலுப்பாக இருந்தது.

விசா ஒரு செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்தது. ஒரு தரம் உள்ளே நுழைவதற்கு மட்டும் செல்லுபடியாகும். நுழைந்துவிட்டால் அங்கே இரண்டு வருடம் அவரோடு இருக்கலாம். துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். கால் நோவுதான் தெரிந்தது. பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் அம்மன் கோயிலுக்குள் போய் ஓர் அருச்சனைத் தட்டு வாங்கினேன். தட்டில் கடவுச்சீட்டையும் வைத்தேன்.

"என்ன பிள்ளை, வெளிநாடோ?" என்று ஐயர் கேட்டார்.

"ஓம் ஐயா. அவரிட்டப் போறன். இண்டைக்குத்தான் விசா வந்தது" என்று சொல்லிக்கொண்டே கடவுச்சீட்டை விரித்து விசாப் பக்கத்தைக் காட்டினேன். யாரும் விரிக்கச் சொல்லவில்லை. மூன்றரை வருடம் காத்திருந்து கிடைத்ததை நான் காட்டிய முதல் ஆள் அந்த ஐயர்தான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. பூசை முடிந்து தட்டு திரும்பி வந்தபோது கடவுச்சீட்டு விரித்தபடியே இருந்தது. விசாவின் அடிப்பக்கத்தில், இயந்திரம் வாசிக்கிற அந்த எழுத்து வரிசையின் மேல், நல்ல வட்டமாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும். ஐயரைக் குறை சொல்ல முடியாது. விரித்துக் கொடுத்தவள் நான். மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜோகூருக்குப் போக எங்கள் ஆட்கள் சிங்கப்பூரில் இறங்கி பஸ் எடுப்பார்கள். நடுவில் கடலின் மேல் ஒரு பாலம், அவ்வளவுதான். நாங்கள் தீவுக்காரர், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாம் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. சிங்கப்பூர்ப் பக்கத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு போய், முத்திரை குத்துவித்து, திரும்ப இன்னொரு பஸ்ஸில் ஏற வேண்டும். ஏறினேன். பாலத்தின் நடுவில் பஸ் அசையாமல் நின்றுவிட்டது. வெய்யில் நேரம். சுற்றிவர வேலைக்குப் போய்வருகிற சனம், ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. நான் கடவுச்சீட்டை எடுத்து விசாவைப் பார்த்தேன்.

கொட்டாஞ்சேனையில் சின்னதாகத் தெரிந்த பொட்டு அங்கே பெரிதாகத் தெரிந்தது. அதிகாரி கண்டால் என்ன நினைப்பான் என்று பயம் பிடித்துக்கொண்டது. விமானத்தில் தந்த ஈர டிஷ்யூ கைப்பையில் இருந்தது. ஒரு தரம் துடைத்தேன், சிவப்பு இழுபட்டுப் பரவியது. இரண்டாம் தரம் துடைத்தேன், சந்தனம் போனது. அதோடு விட்டிருக்கலாம். மூன்றாம் தரம் துடைத்தபோது டிஷ்யூவில் கறுப்பும் வந்தது.

மலேசியப் பக்கத்து முகப்பில் இருந்த பெண் கடவுச்சீட்டை இயந்திரத்தில் நான்கு தரம் வைத்தாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் ஒரு கதவைக் காட்டினாள். உள்ளே வாங்கிலில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்த அதிகாரி தமிழர், என்னைவிட வயது குறைந்தவர். அந்தப் பக்கத்தை விரித்தபடி என் அருகில் உட்கார்ந்தார்.

"இது குங்குமம்தானேக்கா?"

"ஓம் தம்பி. கோயில்ல வைச்சது."

"எங்கம்மாவும் இப்படித்தான் வைப்பாங்க. பொட்டு இருந்திருந்தா பரவாயில்லக்கா, நான் பேசியிருப்பேன். நீங்க ஏன் துடைச்சீங்க? எழுத்தே போயிருச்சு. விசாவுல கை வச்சிருக்குன்னுதான் இதை எழுத முடியும்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். விசாவில் எழுத்து அழிந்திருந்தால் அது செல்லாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கொழும்புக்குத் திரும்பிப் போய், விசா கொடுத்த இடத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்து, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு ஒருவர் கூட்டிக்கொண்டு போவார், அதற்கிடையில் வீட்டுக்காரரோடு கதைக்கலாம் என்று சொல்லி எழும்பினார்.

என் கணவர் கீழே, பஸ் நிற்கிற இடத்தில்தான் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் இரண்டு மாடிப் படிக்கட்டு. அவருடைய கடவுச்சீட்டு வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுபட்டிருந்தது, அவரும் இந்தப் பக்கம் வர முடியாது. போன் எடுத்தேன்.

"வெளிய வந்திட்டீரோ? எந்த வாசல்?"

நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் ஏசவில்லை.

"சரி, விடும். திரும்பப் போடுவம். உமக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுதானே. இந்த முறை கெதியாக் கிடைக்கும்."

"எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது?"

"இனி ஒரு ஃபோம் நிரப்ப எனக்கு ஏலாது. களைச்சுப்போனன். நீங்கள் வீட்ட வாங்கோ."

மூன்றரை வருடத்தில் ஒரு நாளும் அதை நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வாங்கிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழும்பித் தள்ளிப் போய் இருந்தாள்.

"வந்து என்ன செய்யிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"தெரியாது."

"அங்க வேலை ஒண்டும் இல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

அவருடைய போனில் பஸ் சத்தம் கேட்டது. ஒருவர் இந்தியில் ஏதோ வழி கேட்க, தெரியாது என்று அவர் சொல்வதும் கேட்டது. என்னைக் கூட்டிப் போக வந்த ஆள் கதவடியில் நின்று என் பெட்டியைத் தூக்கினார்.

"நேற்றுத்தான் இங்க வீட்டுக்குக் கட்டில் கொண்டுவந்து போட்டவங்கள்" என்றார். "பெரிய கட்டில். நீர் வாறீர் எண்டு வாங்கினது."

நான் போனைக் காதில் வைத்தபடி என் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.

"கடைக்காரன் திருப்பி எடுப்பானோ எண்டு கேட்டுப் பாக்கிறன்" என்றார்.