பெரட்டுக்கு வராத சர்வர்

கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுத்ததும் ஃபெக்டரிக்குச் சேதி போக வேண்டும்: மூட்டை தயார், லொறி அனுப்புங்கள். தாமதித்தால் மூட்டைக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். கொய்தவள் பாடு குப்பைக்கு. அந்தச் சேதிகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்ப ஒரு சர்வரை வேலைக்கு வைத்தவன் நான். ஐம்பது வயதில், கம்பளித்தொப்பியோடு வீட்டிலிருந்தே பார்க்கும் உத்தியோகம்.

சர்வரை ஒரு கன்டெய்னருக்குள், அதாவது கணினிக்குள்ளேயே ஒரு மென்பொருள் பெட்டிக்குள், வைத்தேன். திருத்தம் எழுதி நான் ஒரு தட்டுத் தட்டினால், அதைச் சோதிப்பது, கட்டுவது, ஏற்றுவது எல்லாம் தானாக நடக்கும். மனிதர் தேவைப்படுவது கடைசியில் மட்டும். தோட்டத்து ஆள் ஒருவர் போனில் ‘சம்மதம்’ அழுத்த வேண்டும். காலங்காலமாகக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கண்டாக்கு ஐயாவை அதற்குப் போட்டது என் மேதாவிலாசம்.

முதல் நாள் அழுத்தினார். திரையில் தெரிந்த சர்வரின் பெயரை, பாதி எழுத்தும் பாதி இலக்கமுமாக, பெரட்டுப் புத்தகத்திலும் பதிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஒரு சிறு திருத்தத்தை ஏற்றினேன். பழைய கன்டெய்னர் அழிந்து, புதியது சம்மதத்துக்குக் காத்து நின்றது. மடுவத்திலிருந்து ஐயா அழைத்தார்.

“சார், இது யாரு? நேத்துப் பதிஞ்ச பேரு இது இல்லியே?”

“அதே ஆளுதாங்க ஐயா. பழசு செத்து புதுசா வந்திருக்கு. வர்றப்பல்லாம் பேரு மாறும்.”

“செத்தவன் பேர வெட்டாம புது ஆளுக்கு எப்பிடி வேல குடுக்கிறது? காலையில பெரட்டுக்கு வந்தானா?”

பின்னால் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தியின் குரல்: “யாரா இருந்தாலும் சீக்கிரம் வரச் சொல்லுங்க ஐயா! மூட்டைக்குள்ள கைய விட்டா சோறு வேகுற மாதிரி இருக்கு!”

ஆத்மா ஒன்று, உடல்தான் வேறு என்று நான் ஆரம்பித்தேன். ஐயா இடைமறித்தார்.

“அது கெடக்கட்டும். செத்தவன்கிட்ட நாங்க குடுத்த சேதியெல்லாம் இவன்கிட்ட இருக்கா?”

பார்த்தேன். வரிசை காலி. மூன்று மூட்டைகளின் சேதியும் பழையவனோடு போய்ச் சேர்ந்திருந்தது. சேதி காக்கிற சர்வருக்கு மாறாத பெயரும், செத்தாலும் சாமான் பத்திரமாக இருக்கச் சொந்த இடமும் வேண்டும். தொழிலின் அரிச்சுவடி. இரண்டையும் நான் கொடுக்கவில்லை.

“இல்லீங்க.”

“தங்க ஒரு காம்பரா குடுக்காம ஆளெடுத்தா, சாமான எங்க வைப்பான்?”

ஃபெக்டரிக்கு நானே போன் போட்டு, வாயால் லொறி கேட்டேன். இரண்டு மூட்டை தப்பியது. மூன்றாவது சிவந்துவிட்டது, அது அந்த அக்காவினுடையது.

“ஒங்க ஆளுக்கு இன்னக்கி அர நாள் சம்பளந்தான் போடணும்ணே,” என்றாள் ஐயாவின் போனை வாங்கி.

அன்றே, ஐயா முதலில் பதிந்த பெயரையே சர்வருக்கு நிலையாக்கி, சொந்த இடமும் கொடுத்தேன். ஐயா அசையவில்லை. “பெரட்டுக்கு வரட்டும். அப்புறம் அழுத்துறேன்.”

மறுநாள் விடிகாலைப் பனியில் பெரட்டுக்களத்தில் நின்றேன். இங்கே நிற்கக் கூடாதென்றுதான் என்னைப் படிக்கவைத்தார்கள். ஐயா அந்த எழுத்தும் இலக்கமுமான பெயரை வாசித்தார். பதில் இல்லை. மறுபடி வாசித்தார். அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கையைத் தூக்கினேன். “வந்திருக்குங்க.”

ஐயா அழுத்தினார்.